ஸ்னோபைக் பட்டியின் எடையைக் குறைப்பதும் நெகிழ்வைக் கூட்டுவதும்: நிலாவெளி மணலில் ஓடவேண்டிய வண்டிக்காக

உப்புவெளிப் பட்டறை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கனடாவில் வாழும் என் மச்சான் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பிய ஸ்னோபைக் பின்தொகுதி ஒன்று இரண்டு மாதங்களாகப் பட்டறையின் நடுவே கிடக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இறப்பர்ப் பட்டி சுழலும் தொகுதியையும், முன்சில்லுக்குப் பதிலாக ஒரு சறுக்குப் பலகையையும் பூட்டினால் அதுதான் ஸ்னோபைக். எனக்குச் சறுக்குப் பலகை தேவையில்லை. முன்னால் அகன்ற ரயரையே விட்டுவிட்டு, பின்னால் மட்டும் பட்டியைப் பூட்டி, நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் இடைப்பட்ட கரையில் மீன்பெட்டிகளையும் படகு என்ஜின்களையும் நீர்விளிம்பிலிருந்து வீதிவரை கொண்டுவரும் வண்டியொன்றைச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். 40 குதிரைவலு என்ஜினை இரண்டு பேர் தடியில் கட்டிக் காவிக்கொண்டு, முழங்கால்வரை புதையும் மணலில் ஏறி வருவதை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர் என் தகப்பனாரின் தம்பி. அவருக்கு வயது 61.

பட்டியை அளந்து பார்த்தேன். சுற்றளவு 129 அங்குலம். குறுக்கே 45 கண்ணாடி நார்க் கோல்கள். ஒரு கோலிலிருந்து அடுத்த கோலுக்கு 2.86 அங்குலம், அதாவது ஏறக்குறைய 72.6 மில்லிமீற்றர். அகலம் 11 அங்குலம். வெளிப்பற்களின் உயரம் 2.5 அங்குலம். பற்களை விட்டுவிட்டுப் பட்டியின் உடலை மட்டும் பார்த்தால் தடிப்பு 6 மில்லிமீற்றர். மீன் வாடித் தராசில் ஏற்றியபோது 14.2 கிலோ காட்டியது.

இந்தத் தொகுதி 450 சிசி வண்டிக்காகச் செய்யப்பட்டது. அத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 50 குதிரைவலு தருபவை. என்னிடம் இருப்பது 20 குதிரைவலுவைக்கூட எட்டாத 200 சிசி என்ஜின். பின்புறத்தை உயர்த்திவைத்துப் பட்டியைக் கையால் சுற்றினால், இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. கையை எடுத்த கணத்திலேயே, பிரேக் பிடித்தாற்போல் நின்றுவிடுகிறது. மணலில் முதல் கியரில் கிளச்சை விட்டதும் என்ஜின் அணைந்துவிடுகிறது.

ஆகவே பட்டியை இலேசாக்கவும் மென்மையாக்கவும் விரும்புகிறேன். பற்களைப் பாதியாக வெட்டலாமா, பட்டியின் உடலில் துளைகள் போடலாமா, ஓரங்கள் வளையும்படி குறுக்குக் கோல்களின் நுனிகளை நறுக்கலாமா, உட்புறத்தைத் தேய்த்துத் தடிப்பைக் குறைக்கலாமா என நான்கு யோசனைகள் மனத்தில் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் இறப்பர் இளகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, கழிவாகக் கிடந்த துண்டொன்றை ஒரு பகலும் இரவும் ஊறவைத்துப் பார்த்தேன். துண்டு ஊதிப்போய்ப் பசைபோல ஆகிவிட்டது. நகத்தால் கீறியதும் இறப்பர் உள்ளிருந்த துணியை விட்டுத் தோல் உரிவதுபோல் உரிந்தது. நல்ல பட்டியில் செய்யாமல் விட்டது என் அதிர்ஷ்டம். இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கம்லூப்ஸ் பனி

தம்பி, வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது திருக்கடலூரில். இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் பனிவண்டிகள் திருத்தும் பட்டறையொன்றில் வேலை செய்கிறேன். கோணேசர் மலையடியில் வளர்ந்த எனக்கு ஊர்க் கரையில் ஸ்னோபைக் பட்டி ஓடப்போகிறது என்ற செய்தி எவ்வளவு மகிழ்ச்சியைத் தருகிறது என்று எழுதிக் காட்ட முடியாது.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். பட்டியின் இழுவிசையைச் சரிபார்த்தீர்களா? கையால் சுற்ற முடியாத பட்டி என்று இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை இறுக்கம் கூடியவைதான். கடந்த மாரியில் எவரோ இறுக்கிவிட்டு அப்படியே வைத்திருப்பார்கள். பின்னச்சுக்கு ஏறத்தாழ 16 அங்குலம் முன்னால், பட்டியின் கீழோட்டத்தில் 10 றாத்தல் எடையைத் தொங்கவிட்டு, பட்டியை உள்ளிருந்து தாங்கும் நெகிழிச் சறுக்குப் பட்டைக்கும் பட்டியின் உட்புற இரும்புக் கிளிப்புக்கும் இடையே உண்டாகும் இடைவெளியை அளப்பது பனிவண்டிகளில் வழக்கமான முறை. ஓர் அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. உங்கள் தொகுதியில் அந்த இடைவெளி தென்படவே இல்லை என்றால், கத்தியை எடுப்பதற்கு முன் ஸ்பேனரை எடுங்கள்.

இனி உங்கள் நான்கு யோசனைகளுக்கு வருகிறேன். துளை போடுவது இங்கே நெடுங்காலமாக உள்ள வழக்கம். பந்தயக்காரர்கள் எடைக்காகச் செய்கிறார்கள்; மலைகளில் ஓட்டுபவர்கள், உள்ளே அடைபடும் பனி வெளியேறட்டும் என்று செய்கிறார்கள். தொழிற்சாலையிலேயே எடை குறைக்கப்பட்ட பட்டிகளும் உள்ளன. அவற்றில் துணி அடுக்கு ஒன்றுதான் இருக்கும். இரண்டு அடுக்கு உள்ளவற்றைவிட அவை இலேசானவை, எளிதில் வளைபவை. ஆனால், இரண்டு அடுக்குப் பட்டியைத் தேய்த்து ஒற்றை அடுக்காக மாற்றவே முடியாது. உட்புறத்தைத் தேய்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். தேய்க்கும் சக்கரம் துணியைத் தொட்ட இடத்தில் நார் அறும். அறுந்த நாரின் வழியாக ஈரம் பட்டிக்குள் நெடுந்தூரம் ஊர்ந்துசெல்லும். உங்களுக்கு அது உப்பு ஈரம்.

குறுக்குக் கோல்களின் நுனியை நறுக்குவதும் வேண்டாம். ஸ்கி-டூ நிறுவனம் 2013 மாதிரியிலிருந்து தன் மலை வண்டிகளில் கோல்களை ஓரம்வரை நீட்டாமல் நிறுத்தி, ஓரங்கள் வளையும்படி பட்டிகளைச் செய்து வருவது உண்மை. சரிவான மலைப்பக்கத்தில் வண்டியைச் சாய்த்து ஓட்டுவதற்காக அது செய்யப்படுகிறது. அந்தக் கோல்கள் குட்டையாகவே வார்க்கப்பட்டு, நுனிகள் இறப்பரால் மூடப்பட்டிருக்கும். நீங்கள் வெட்டினால் கண்ணாடி நார் பிரிந்து முள்ளாகி இறப்பரை உள்ளிருந்தே குத்தும். அதோடு, மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டு யாரும் வண்டியைச் சாய்த்து ஓட்டப்போவதில்லை. உங்கள் வேலைக்கு ஓர நெகிழ்வு தேவையே இல்லை.

ஒரு பெரிய ஆபத்தை இன்னும் சொல்லவில்லை. பட்டியின் உட்புறக் கிளிப்புகள் நெகிழிச் சறுக்குப் பட்டையின் மீது உராய்ந்தபடியே ஓடுகின்றன. இங்கே பனித்தூள் அந்த இடத்தில் உருகி, குளிர்விக்கவும் வழுக்கவும் செய்கிறது. பனி குறைந்த பாதையில் சில நிமிடங்கள் ஓடினாலே பட்டை உருகி மணம் வரும். அந்தப் பொருள் உருகும் வெப்பநிலை 130 பாகை செல்சியசை ஒட்டியது. நிலாவெளியில் பனி எங்கிருந்து வரும்?

மூதூர் வயல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாங்கள் அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறோம். அதன் இறப்பர்ப் பட்டியை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பட்டிகளைப் பார்த்துவிட்டு உங்கள் பட்டியில் எதையும் செய்துவிட வேண்டாம், தம்பி. எங்களுடையதில் 90 மில்லிமீற்றருக்கு ஒரு இரும்புக் கட்டை உள்ளே புதைந்திருக்கும். நீளவாக்கில் உருக்குக் கம்பிகள் ஓடும். ஒரு மாரிபோகத்தில் பட்டிக்குள் சேறு நிற்கிறது என்று எங்கள் ஓட்டுநர் நான்கு இடங்களில் துளை போட்டுவிட்டார். அடுத்த போகத்தில் துளையைச் சுற்றி இறப்பர் கொப்பளித்து, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பொடியாக வந்தது. கண்ணாடி நாரும் துணியும் துருப்பிடிக்காது என்பது உங்களுக்குள்ள பெரிய வசதி. ஆனால் கிளிப்புகள் இரும்புதானே? கடற்கரையில் அவற்றை நாள்தோறும் நன்னீரால் கழுவ வேண்டும்.

பற்களைப் பற்றி ஒரு சொல். உயரமான பல் சேற்றுக்கு நல்லது. ஈரம் காய்ந்த வரப்பில் ஏறினால் அதே பல் வண்டியைக் குதிரைபோல் குலுக்கும். மணலில் எப்படி என்று கரையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சீனக்குடா

தொழினுட்பக் கல்லூரியொன்றில் இயந்திரப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கம்லூப்ஸ் தம்பியின் அனுபவத்துக்குக் கணக்கின் துணையைச் சேர்க்க விரும்புகிறேன்.

துளையினால் எவ்வளவு எடை குறையும் என்று பார்ப்போம். 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை 6 மில்லிமீற்றர் தடிப்பில் 2.28 கன சென்ரிமீற்றர் இறப்பரை அகற்றும். அடர்த்தியை 1.15 என்று கொண்டால் அது 2.6 கிராம். கோல் இடைவெளி ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள் வீதம் 90 துளைகள் போட்டாலும் மொத்தம் 240 கிராமைத் தாண்டாது. ஒரு போத்தல் தண்ணீரின் கால்வாசிக்காக 90 இடங்களில் பட்டியைக் காயப்படுத்துவதா என்று யோசியுங்கள்.

இப்போது பற்களைப் பாருங்கள். ஒரு வரிசைப் பற்களின் மொத்த அகலம் 220 மில்லிமீற்றர், சராசரித் தடிப்பு 9 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். 63.5 மில்லிமீற்றர் உயரத்தில் 28 மில்லிமீற்றரை வெட்டினால் வரிசைக்கு 64 கிராம். 45 வரிசைக்கு ஏறக்குறைய 2.9 கிலோ. பட்டியின் எடை பற்களில்தான் இருக்கிறது. எடையைக் குறைக்க விரும்புகிறவர் கையை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஆனால் அவ்வாறு வெட்டினால் நெகிழ்வு கூடுமா என்று கேட்டால், கூடாது என்பதே விடை. பற்கள் பட்டிக்குக் குறுக்காக நிற்கின்றன. பட்டியோ கோலுக்கும் கோலுக்கும் இடையிலுள்ள வெறும் பகுதியில்தான் வளைகிறது. பல் உயரமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் அந்த இடைவெளியின் விறைப்பு பெரிதும் மாறுவதில்லை. எடையும் நெகிழ்வும் ஒரே வெட்டில் கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அவை வேறுவேறு இடங்களில் தீர்க்க வேண்டிய இரண்டு பிரச்சினைகள்.

நெகிழ்வுக்கு வழி, பட்டியை மெலிதாக்குவதைவிட அது சுற்றிவளையும் சில்லைப் பெரிதாக்குவது. 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டி 178 மில்லிமீற்றர், அதாவது 7 அங்குலச் சில்லைச் சுற்றும்போது அதன் வெளிமுகம் தடிப்பின் நடுப்பகுதியைவிட ஏறக்குறைய 3.3 வீதம் கூடுதலாக நீள்கிறது. 203 மில்லிமீற்றர் சில்லில் அது 2.9 வீதமாகக் குறையும். 254 இல் 2.3. ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் இறப்பர் கொஞ்சம் வலுவை வெப்பமாக விழுங்குகிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் பட்டி நிமிடத்துக்கு 51 தடவை முழுச்சுற்று வரும் என்பதை எண்ணினால், வளைவின் கடுமை ஏன் முக்கியம் என்பது விளங்கும். பட்டியின் நீளம் மாறாது என்பதால், பின்சில்லைப் பெரிதாக்கும்போது பின்னச்சை முன்னால் கொண்டுவர வேண்டும். 203 மில்லிமீற்றர் சில்லுக்கு 20 மில்லிமீற்றர் போதும். 254 க்கு 60 வேண்டும். பெரும்பாலும் உங்கள் சரிசெய்யும் திருகில் அவ்வளவு இடம் இராது.

இன்னொன்று. பட்டியில் ஒரு கிலோவைக் குறைப்பது வண்டியின் உடலில் இரண்டு கிலோவைக் குறைப்பதற்குச் சமம் என்று பனிவண்டிக்காரர்கள் சொல்வது சரியே. பட்டியின் மேலோட்டம் வண்டியின் வேகத்தைப்போல் இரு மடங்கில் பாய, கீழோட்டம் நிலத்தில் அசையாமல் கிடக்கிறது. மொத்த இயக்க ஆற்றலைக் கூட்டினால், சுழலாத அதே நிறையைப்போல் இரட்டிப்பு வருகிறது. ஆயினும் இந்த இலாபம் வேகத்தோடு வருவது. மணிக்கு 80 கிலோமீற்றரில் 3 கிலோவைக் குறைத்தவர் ஏறத்தாழ 1,480 யூல் மிச்சம் பிடிப்பார். உங்கள் 10 கிலோமீற்றரில் அது 23 யூல் மட்டுமே. ஆகவே, தம்பி, உங்கள் என்ஜின் அணைந்துபோவது பட்டியின் எடையால் அன்று.

உப்புவெளிப் பட்டறை

அண்ணனுக்கும் சேருக்கும் மூதூர் நானாவுக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 10 றாத்தலுக்குப் பதிலாக நாலரைக் கிலோச் சீமெந்துக் கட்டியைத் தொங்கவிட்டேன். இடைவெளி ஐந்து மில்லிமீற்றர்கூட வரவில்லை. திருகைத் தளர்த்தி 25 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். கொளுக்கித் தராசை ஒரு பல்லில் மாட்டிப் பட்டியை மெதுவாக இழுத்து, நகரத் தொடங்கும் அளவை முன்னும் பின்னும் குறித்துக்கொண்டேன். முன்னர் 13 கிலோ. இப்போது 8 கிலோ. பட்டியில் ஒரு கீறல்கூட விழாமல் இவ்வளவு மாற்றம் வந்திருக்கிறது.

ஆனாலும், இரண்டு மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மணலில் விட்டால் என்ஜின் இன்னும் திணறுகிறது. சறுக்குப் பட்டையில் கையை வைத்தேன். இருபது மீற்றர்தான் ஓடியிருக்கும், கை பொறுக்க முடியாத சூடு. பட்டை முழுவதும் மணல் கீறிய கோடுகள்.

சீனக்குடா

அதுதான் காரணம். வெறுமையாகச் சுற்றும்போது இருந்த 13 கிலோ இழுவை, 10 கிலோமீற்றர் வேகத்தில் அரைக் குதிரைவலுவைக்கூட விழுங்காது. பட்டியின் மீது 200 கிலோ சுமை நிற்கும்போது, உலர்ந்த பட்டைக்கும் இரும்புக் கிளிப்புக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.2 என்று கொண்டால் 40 கிலோ இழுவை வருகிறது. இடையில் மணல் புகுந்தால் அதற்கும் மேல். சுமையைச் சறுக்குப் பட்டையிலிருந்து சில்லுகளுக்கு மாற்றுங்கள்.

கம்லூப்ஸ் பனி

சேர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பனி குறைந்த பாதைகளில் ஓடுபவர்களுக்கு நாங்களும் கூடுதல் சில்லுகளைத்தான் பூட்டிக் கொடுக்கிறோம். மூன்று சோடிச் சில்லுகளைக் கீழோட்டத்தில் சமஇடைவெளியில் பூட்டி, கிளிப்பு சறுக்குப் பட்டையிலிருந்து மூன்று நான்கு மில்லிமீற்றர் விலகி நிற்கும்படி செய்யுங்கள். பட்டையைக் கழற்றிவிட வேண்டாம். பட்டி பக்கவாட்டில் நழுவாமல் அதுதான் வழிகாட்டுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சறுக்குப் பட்டை பட்டியை முழு நீளத்துக்கும் தாங்குகிறது. சில்லுகளோ அங்கங்கேதான் தாங்கும். பட்டி அளவுக்குமேல் மென்மையாக இருந்தால், சில்லுக்கும் சில்லுக்கும் இடையே மேல்நோக்கி வளைந்து, ஒவ்வொரு சில்லின் கீழும் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல் ஓடும். சுமை மணலில் பரவாமல் சில்லுகளின் கீழே குவியும். பட்டியை மென்மையாக்க வேண்டும் என்று தொடங்கினீர்கள். சில்லு பூட்டிய பிறகு உங்களுக்கு வேண்டியது, இப்போது இருக்கும் விறைப்பைக் குலைக்காமல் காப்பது. தேய்க்க வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

கரைவலை

நான் கும்புறுப்பிட்டிப் பக்கம் கரைவலைத் தொழில் செய்தவன்; இப்போது என் பிள்ளைகள் செய்கிறார்கள். மணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீர் வந்து போகும் விளிம்பில் மணல் சீமெந்துபோல் இறுகியிருக்கும். அதில் மோட்டார் சைக்கிளே ஓடும். அதற்கு மேலே, வெயிலில் காய்ந்த மணல்தான் காலை வாங்கும். வாடைக் காற்று தொடங்கினால் கரை செங்குத்தாக அரிந்துவிடும். ஒரு முழ உயரப் படியும் உண்டாகும். வண்டி அந்தப் படியில் ஏறுமா என்பதையும் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஆமை ஏறி முட்டையிடும் இடம் காய்ந்த மணலில், செடி தொடங்கும் எல்லையை ஒட்டியது. எங்கள் காலத்தில் வள்ளத்தைப் பனங்குற்றிகளின் மேல் உருட்டி ஏற்றினோம். குற்றிகள் போட்ட பாதையை விட்டு வேறெங்கும் போகமாட்டோம். நீங்களும் ஒரே பாதையை வைத்துக்கொள்ளுங்கள், மகன். கூரிய பல் மணலைக் கிண்டி எறியும் என்றால் அந்தப் பல் எங்களுக்கு வேண்டாம்.

கம்லூப்ஸ் பனி

ஐயா சொன்னது பற்களின் உயரத்தைத் தீர்மானிக்கவே உதவுகிறது. மலையில் புதிதாக விழுந்த தூள்பனியின் ஒரு கன மீற்றர் 100 கிலோவும் இராது. அதில் பிடிமானம் என்று எதுவும் இல்லாததால், பல் துடுப்பைப்போல் பனியை அள்ளித் தள்ள வேண்டியிருக்கிறது. காய்ந்த கடல்மணல் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,600 கிலோ. தன் எடையாலேயே அது தாங்கும். உங்கள் பட்டி நிலத்தில் படியும் நீளம் ஒரு மீற்றர், அகலம் 0.28 மீற்றர் என்று கொண்டால், 200 கிலோ சுமைக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 70 கிராம் அளவே அழுத்தம் விழும். மனிதக் காலடியின் அழுத்தத்தைவிட இது குறைவு. இரண்டரை அங்குலப் பல் அந்த மணலில் மண்வெட்டியாகத்தான் வேலை செய்யும். வண்டி சற்றுத் தடைபட்டாலும் தனக்குத் தானே குழி தோண்டி இறங்கிவிடும். ஒன்றேகால் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் இடையில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால், ஐயா சொன்ன படியில் ஏறப் பிடிமானம் போதாது.

வெட்டும்போது பல்லின் அடிப்பகுதியிலுள்ள வளைவான தடிப்பைத் தொட வேண்டாம். பல் கிழியத் தொடங்கும் இடம் அது. இடமும் வலமும் ஒரே அளவாக வெட்டுங்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் பட்டி அந்தப் பக்கம் நடக்கும்.

உப்புவெளிப் பட்டறை

மூன்று கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பற்களை வெட்ட முதலில் கோணஅரைவையைப் பயன்படுத்தினேன். புகையும் நாற்றமும் தாங்க முடியவில்லை. வெட்டிய இடம் கருகிப் பிசுபிசுத்தது. மூன்று பற்களோடு அதை நிறுத்திவிட்டேன். பிறகு 35 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பலகைகளை ஒட்டி, பல் உள்ளே நுழையும் அளவுக்கு நடுவில் ஒரு பிளவு வெட்டி, அதையே அளவுகோலாக வைத்தேன். பலகையைப் பல்லின் மேல் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய மீன் கத்தியால் ஒரே இழுவையில் அறுத்தால், வெண்ணெய்க்கட்டியை வெட்டினாற்போல் பளபளப்பான முகத்தோடு வருகிறது. கத்தி காய்ந்தால் இறப்பர் பிடித்துக்கொள்ளும். ஆதலால் ஒவ்வொரு பல்லுக்கும் நனைக்க வேண்டும். பத்துப் பற்களுக்கு ஒரு தடவை தீட்ட வேண்டியிருந்தது. என் மகன் வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து நிறுத்தான்: 2.4 கிலோ. சேர் சொன்ன 2.9 வரவில்லை. பற்கள் நுனியை நோக்கி மெலிந்து போவதே காரணம் என்று நினைக்கிறேன்.

பின்சில்லை 203 மில்லிமீற்றராக மாற்றினேன். பொருட்களஞ்சியத் தள்ளுவண்டிகளில் வரும் பொலியூரித்தேன் சில்லுகளை மூன்று சோடி வாங்கி, 6205 இலக்கப் பெயாரிங்குகளைப் போட்டுக் கீழோட்டத்தில் பூட்டினேன். இப்போது சறுக்குப் பட்டைக்கும் கிளிப்புக்கும் இடையே ஒரு பூட்டின் திறப்பை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. கொளுக்கித் தராசில் அளந்ததைப் படிப்படியாகக் குறித்திருக்கிறேன். தளர்த்திய பின் 8 கிலோவாக இருந்தது, பின்சில்லை மாற்றிய பின் ஆறரை ஆனது. பற்களை வெட்டிய பின்னும் ஏறக்குறைய அதே அளவில்தான் நின்றது. எடை வேறு, நெகிழ்வு வேறு என்று சேர் எழுதியது தராசிலேயே தெரிந்தது.

துளைகளைப் பற்றி ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. எடைக்காக வேண்டாம் என்பதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் ஓடிய பின் கழற்றிப் பார்த்தபோது, உட்புறத்தில் சில்லுகளுக்கு நடுவே ஈர மணல் விரற்கடை உயரத்துக்கு அடைந்து இறுகியிருந்தது. உந்துசில்லின் பற்கள் நுழையும் சாளரங்கள் வழியாக அது முழுமையாக வெளியேறவில்லை. மணல் வெளியேறுவதற்காக மட்டும் சில துளைகள் போடலாமா?

கம்லூப்ஸ் பனி

அந்தக் காரணத்துக்காகப் போடலாம். பனிக்கும் அதற்காகத்தான் பலர் போடுகிறார்கள். அலகு பூட்டிய துளைகருவியைப் பயன்படுத்தினால் துணி நாரைச் சுற்றிப் பிடித்து இழுத்துவிடும். கூர்மையாக்கிய இரும்புக் குழாயால், கீழே வேப்பங்கட்டை வைத்து, ஒரே அடியில் குத்தி எடுங்கள். கோலுக்கும் கோலுக்கும் சரிநடுவில், சாளரத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு துளையின் அகலம் தள்ளிப் போட வேண்டும். இழுவிசை முழுவதையும் தாங்குவது சாளரத்தின் இரு பக்கமும் ஓடும் பட்டியின் பகுதிதான். அதில் கை வைக்க வேண்டாம். ஒவ்வோர் இடைவெளியிலும் போடாமல், ஒன்று விட்டு ஒன்றில் போடுங்கள். துளையின் உள்முகத்தில் ரயர் ஒட்டும் சொலூஷனை இரண்டு பூச்சுப் பூசி, நார் முனைகளை மூடிவிடுங்கள்.

மூதூர் வயல்

பட்டி முற்றாகத் தேய்ந்தால் புதியது இங்கே கிடைக்குமா என்று என் மகன் கேட்கிறான். இறப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு கனடாவிலிருந்து எடுப்பித்தா ஓட்ட வேண்டும்?

சீனக்குடா

நல்ல கேள்வி. பனிவண்டிப் பட்டிகளுக்குப் பெயர்பெற்ற, கியூபெக்கைச் சேர்ந்த கம்சோ நிறுவனத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. கமோபிளாஸ்ட் என்ற பெயரில் இருந்த அந்நிறுவனம், இலங்கையில் பெரிய அளவில் இறப்பர்ப் பொருட்களை உற்பத்தி செய்துவந்த சொலிடீலை 2010 இல் வாங்கியது; 2015 இல் கம்சோ என்று பெயர் மாறியது; 2018 இல் மிஷெலின் அதை வாங்கியது. மிதிகமையிலுள்ள தொழிற்சாலை உட்பட, கட்டுமான இயந்திரங்களுக்கான ரயர், பட்டித் தொழிலை இந்தியாவின் சியட் நிறுவனம் வாங்குவதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கட்டுமானப் பட்டிகள் உருக்குக் கம்பி கொண்ட, உங்கள் அறுவடை இயந்திரத்தின் இனத்தைச் சேர்ந்தவை. இந்த வண்டிக்கு அவை பொருந்தா. நம்மவர் கைகளுக்குத் தெரியாத வேலை அன்று என்பதற்காகச் சொல்கிறேன். இப்போதைக்கு இருக்கும் பட்டியைக் காப்பாற்றுவதே வழி. வெயிலில் போட்டு வைக்க வேண்டாம். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இறப்பரை வெடிக்கச் செய்யும். பட்டறைக்குள் வைக்கும்போது இழுவிசையைத் தளர்த்தி வையுங்கள்.

உப்புவெளிப் பட்டறை

ஒன்று விட்டு ஒரு இடைவெளியில், இரண்டு வீதம் 44 துளைகள் குத்தினேன். 45 ஒற்றை எண் என்பதால் ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் துளையின்றி நிற்கின்றன. அதனால் ஓட்டத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. குத்தி எடுத்த வில்லைகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் துணி அடுக்குகள் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன. தேய்த்திருந்தால் எதைத் தேய்த்திருப்பேன் என்பது அப்போதுதான் விளங்கியது. முழுப் பட்டியும் இப்போது 11.7 கிலோ. முன்சங்கிலிச் சில்லையும் இரண்டு பல் குறைத்து மாற்றினேன்.

நேற்று அதிகாலை நிலாவெளியில், ஒரு 40 குதிரைவலு என்ஜினையும் பனிக்கட்டி போட்ட இரண்டு மீன்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சித்தப்பா பின்னால் நடந்துவர, நீர்விளிம்பிலிருந்து வீதிவரை ஐந்து தடவை போய்வந்தேன். என்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை. பட்டி பதிந்த தடம் மணலில் விரல் ஆழம்தான் இருந்தது; ஐயாவின் சொற்படி ஐந்து தடவையும் ஒரே தடத்தில் ஓட்டினேன். கடைசி ஓட்டத்துக்குப் பிறகு சறுக்குப் பட்டையில் கையை வைத்தேன், இளஞ்சூடு மட்டுமே. வலப்பக்கம் பின்னாலிருந்து இரண்டாவது சில்லின் பெயாரிங்கில் மணல் புகுந்து கரகரக்கிறது. மூடியின் வெளிப்பக்கத்தில் இன்னொரு இறப்பர் வளையத்தைப் போட்டு, படகு அச்சுகளுக்குப் பூசும் கிரீசை நிரப்பி நாளைக்குத் திரும்பவும் பூட்டப்போகிறேன். வாடைக்கு முன் ஐயா சொன்ன மணற்படியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பற்களின் உயரம் போதுமா என்று இங்கேயே எழுதுகிறேன்.